திரை வாங்கும் முன் வெயில் எந்தப் பக்கம் வருகிறது என்று பாருங்கள்

கனமான திரைச்சீலை போட்டும் அறை கொதிக்கிறதா? வெயில் நேராக அடிக்கும் நேரத்தில் திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் கையை விட்டுப் பாருங்கள், சுடும். அந்தச் சூடு ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்டது. திரை தடுத்தது பெரும்பாலும் வெளிச்சத்தைத்தான்.

வெயில் கண்ணாடியைச் சுலபமாகக் கடந்து வந்து துணியைச் சூடாக்குகிறது. சூடான துணி அந்த வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராகத் திருப்பி விடுகிறது. அந்தக் கதிர் கண்ணாடியைத் தாண்டி வெளியே போகாது. ஆகவே பகல் முழுக்க சூடு உள்ளேயே சுற்றும். உள்பக்கத் திரையை மட்டும் நம்புவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு, அதிகம் செலவு வைக்கும் தவறும் அதுதான். வெயிலைக் கண்ணாடியில் படும் முன்பே நிறுத்த வேண்டும். அமெரிக்க எரிசக்தித் துறை தரும் கணக்கில், வெளியே போடும் சாய்வுப் பந்தல் கோடை வெப்ப வரவைத் தெற்கு ஜன்னலில் 65 சதவீதம் வரையும் மேற்கு ஜன்னலில் 77 சதவீதம் வரையும் குறைக்கும். வெள்ளை பிளாஸ்டிக் முதுகு வைத்த திரைச்சீலையை உள்ளே தொங்கவிட்டால் குறைவது 33 சதவீதம். மூங்கில் தட்டி, ஷட்டர், வெளியே மாட்டும் ரோலர் பிளைண்ட் என எதுவானாலும் சரி, இடம் வெளியே இருக்கட்டும். வாடகை வீட்டில் அதற்கு வழியில்லை என்றால், கண்ணாடியைப் பார்க்கும் பக்கமாவது வெள்ளையாக இருக்கட்டும். வெளிர் நிறம், வந்த வெயிலில் ஒரு பங்கை வெயிலாகவே திருப்பி அனுப்பிவிடும்.

அடுத்த தவறு, நாலு பக்க ஜன்னலுக்கும் ஒரே மாதிரி மறைப்பு. இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 40 டிகிரி வடக்கு அட்சரேகையில் தெற்கு பார்த்த ஜன்னலுக்கு மேல் அரை மீட்டர் சன்ஷேட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஜூன் கடைசி வார நண்பகலில் சூரியன் 73 டிகிரி உயரத்தில் இருக்கும்; சன்ஷேட்டின் நிழல் ஒன்றரை மீட்டருக்கும் கீழே இறங்கி ஜன்னல் முழுவதையும் மூடிவிடும். டிசம்பரில் சூரியன் 26 டிகிரியில் தாழ்ந்திருப்பதால் நிழல் கால் மீட்டர்தான். குளிருக்கு வேண்டிய வெயில் தாராளமாக உள்ளே வரும். ஒரு சிமெண்ட் பலகை, மனிதர் கை படாமலே இரண்டு பருவத்துக்கும் வேலை செய்கிறது!

அதே சன்ஷேட்டை மேற்கு ஜன்னலுக்கு மேல் வையுங்கள். மாலையில் சூரியன் தாழ்ந்து நேர் எதிரே நிற்கும்போது அது கோடையிலும் கால் மீட்டர் நிழல்கூடத் தராது. கிழக்கும் மேற்கும் கேட்பது செங்குத்தான பலகைகளை, அல்லது ஜன்னலையே மூடும் வெளித்திரையை. பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அங்கே சூரியன் ஆண்டில் சில மாதம் வடக்குப் பக்கமாகவும் சில மாதம் தெற்குப் பக்கமாகவும் போகிறது, எனவே இரண்டு பக்கமும் நிழல் வேண்டும். தென் அரைக்கோளத்தின் மிதவெப்ப நாடுகளில் வெயில் முகம், அதாவது வெயில் அதிகம் விழும் பக்கம், வடக்கு. வேறொரு நாட்டின் வீட்டுப் படத்தைப் பார்த்து அப்படியே கட்டுவது இதனால்தான் ஆகாது.

குளிர்நாட்டில் வெயிலைப் பிடிக்க வீடு கட்டுபவர்கள், கண்ணாடி பெரிதாக இருந்தால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். 1933 சிகாகோ உலகக் கண்காட்சிக்காகக் கட்டடக் கலைஞர் ஜார்ஜ் ஃப்ரெட் கெக் சுற்றிலும் கண்ணாடிச் சுவர் வைத்த 'நாளைய வீடு' ஒன்றைக் கட்டினார். ஹீட்டர் பொருத்தும் முன்பே, கடும் குளிரில் உள்ளே வேலை செய்தவர்கள் வெறும் சட்டையோடு நின்றதைக் கண்டார். பின்னாளில் அவர் கட்டிய சூரிய வீடுகளுக்கு வித்து அதுதான். ஆனால் கோடை வந்ததும் அதே கண்ணாடிச் சுவர்கள் வீட்டைத் தகிக்க வைத்தன. உள்ளே வந்த வெப்பத்தை வாங்கி வைக்க கான்கிரீட், செங்கல், கல் போன்ற கனமான பொருள் வேண்டும். பகலில் உறிஞ்சி இரவில் விடுவது அதன் வேலை. அப்படி எதுவும் இல்லாத வீட்டில், வெயில் முகக் கண்ணாடி தரைப் பரப்பில் சுமார் 7 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்பது வடிவமைப்பாளர்கள் கைக்கொள்ளும் கணக்கு. கான்கிரீட் தரை போட்டுவிட்டு அதன்மேல் தடித்த கம்பளம் விரிப்பவர்களைப் பார்த்தால் மனம் கேட்காது. வெயில் தரையைத் தொடவே முடியாதே!

கண்ணாடியிலும் கவனம் தேவை. வெயில் வெப்பத்தைத் தடுக்கவென்றே பூச்சு போட்ட கண்ணாடி உண்டு. வெப்ப நாட்டுக்கு அது நல்லது. குளிர்நாட்டின் வெயில் முக ஜன்னலில் அதைப் பொருத்தினால், வீடு கட்டிய நோக்கமே கெட்டுவிடும்.

குளிர்கால இரவில் திரையின் தடிமனைவிட ஓரங்கள் முக்கியம். கண்ணாடியை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகி, திரையின் அடியால் அறைக்குள் வழியும்; அந்த இடத்தை நிரப்ப அறையின் சூடான காற்று மேல் இடைவெளி வழியே கண்ணாடிக்குப் போகும். இரவெல்லாம் இந்தச் சுற்று ஓடும். மேலே பெல்மெட் (திரைக் கம்பியை மூடும் பெட்டி போன்ற பலகை) வைத்து மூடி, பக்கங்கள் சுவரைத் தொட, அடிப்பகுதி தரையைத் தொட விட்டால் சுற்று நின்றுவிடும். தேன்கூடு போல அறைகள் உள்ள பிளைண்ட் நல்ல காப்பு தரும், அதுவும் சட்டத்தோடு ஒட்டி நின்றால்தான். ஒரு பக்கவிளைவையும் சொல்லிவிடுகிறேன்: திரை நன்றாகக் காத்தால் கண்ணாடி இன்னும் குளிரும், ஈரம் அதன்மேல் படியும். காலையில் திறந்து துடைக்காவிட்டால் சட்டத்தில் பூஞ்சை பிடிக்கும்.

இலையுதிர் மரத்தை வெயில் முகத்தில் நட்டால் குளிரில் வெயில் முழுதாக வரும் என்பதும் சரியல்ல. மொட்டைக் கிளைகளும் கணிசமான வெயிலை மறைக்கும். அந்த மரத்துக்கு மேற்குப் பக்கமே நல்ல இடம்.

அப்புறம், திறந்து மூடுவது. அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்குப்படி வீட்டு ஜன்னல் மறைப்புகளில் ஏறக்குறைய 75 சதவீதம் தினமும் ஒரே நிலையில் கிடக்கின்றன. குளிரில் பகலில் திறந்து, பொழுது சாய்ந்ததும் மூட வேண்டும். கோடையில் வெயில் வரும் முன் மூடி, வெளிக்காற்று உள்காற்றைவிடக் குளிர்ந்த பிறகு ஜன்னலோடு சேர்த்துத் திறக்க வேண்டும். பகலில் வீட்டில் இருக்க முடியாதவர்கள், கோடையில் கிளம்பும்போதே மேற்குத் திரையை மூடிவிடலாம். மதியம் வரை அந்தப் பக்கம் நேர் வெயில் கிடையாது என்பதால், இழப்பது கொஞ்சம் வெளிச்சம்தான்.