பாறையில் கயிறு கட்டி இறங்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

மதுரையைச் சுற்றிப் பாறைக்குப் பஞ்சமில்லை. ஒத்தக்கடைப் பக்கம் வண்டியில் போகும்போது யானைமலையைப் பார்க்கிற இளவட்டங்களுக்கு, கயிறு கட்டி இறங்கிப் பார்க்கும் ஆசை வருவது இயல்பு. ஆனால் யானைமலையும் கீழக்குயில்குடி சமணர் மலையும் சமணச் சிற்பங்கள் உள்ள இடங்கள். அரிட்டாபட்டி 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது, வல்லூறுகள் வாழும் மலை. அங்கெல்லாம் ஆணி அடிப்பதும் கயிறு கட்டுவதும் வேண்டாம். அனுமதி உள்ள வேறு பாறையில், பயிற்சியாளரோடு இறங்குங்கள்.

சரி, சாமானுக்கு வருவோம். பெரிய தவறு கயிற்றில்தான். லாரியில் லோடு கட்ட விற்கிற பிளாஸ்டிக் கயிற்றை வாங்கிவந்து, "ரெண்டு பேர் தொங்கிப் பார்த்தோம், அறுந்துபோகலை" என்பார்கள். அசையாமல் தொங்குவது ஒரு சோதனையே இல்லை. கால் வழுக்கி ஓரடி விழுந்து நின்றால், அந்த அதிர்ச்சியில் கயிறு தாங்கவேண்டிய விசை உடல் எடையைப் போலப் பல மடங்கு. போதாக்குறைக்கு, அந்தக் கயிறு பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக், உரசல் சூட்டில் சுமார் 165 டிகிரியில் உருகிவிடும், வெயிலில் கிடந்தால் நைந்தும் போகும். மனிதர் இறங்கவென்றே செய்த, அதிகம் நீளாத நைலான் கயிற்றில் ஈஎன் (EN) 1891 என்ற ஐரோப்பியத் தரக்குறி இருக்கும். மேல்நோக்கி ஏறும்போது விழ வாய்ப்புண்டு என்றால் நீண்டு கொடுக்கிற கயிறு வேண்டும், அதன் குறி ஈஎன் 892. முதல் வகையை இரண்டாவதற்குப் பயன்படுத்தினால், விழுகிற அதிர்ச்சி முழுவதும் முதுகெலும்பிலும் கட்டுமிடத்திலும் இறங்கும்.

நல்ல கயிறும் கூரான விளிம்பில் அறுந்துபோகும். நேராக இறங்கும்போதைவிட, பக்கவாட்டில் ஆடும்போதுதான் பாறை ரம்பம்போல அறுக்கிறது. விளிம்பில் தடித்த கித்தானை மடித்துப் போட்டு, அது நழுவாமல் கட்டிவிடுங்கள்.

கட்டுமிடமும் அப்படித்தான். பாறை இடுக்கில் முளைத்த கல்லிச்சி மரம் பார்க்கப் பலமாக இருக்கும், வேருக்கடியில் மண்ணே இருக்காது. தட்டினால் 'டொப்' என்று ஒலிக்கிற பாறைப் பலகையையும் நம்பாதீர்கள். இரண்டு இடத்தில் கட்டுங்கள். இரு கயிறுகளும் சேருமிடத்தில் கோணம் 60 டிகிரிக்கு மேல் விரியவேண்டாம், 120 டிகிரி ஆகிவிட்டால் ஒவ்வொரு பக்கமும் முழு எடையைச் சுமக்கும்.

காரபினர் என்பது கயிற்றை மாட்டுகிற உலோக வளையக் கொக்கி. அந்தப் பெயரில் விற்கிற சாவிக்கொத்துக் கொக்கியைத் தொடவே வேண்டாம். ஏறுவதற்கான காரபினரில் நீளவாக்கில் பெரும்பாலும் 20 கிலோநியூட்டனோ அதற்கு மேலோ பொறித்திருக்கும், 20 என்றால், ஏறக்குறைய 2 டன். குறுக்குவாக்கில் அதன் பலம் பெரும்பாலும் 7-தான், அதனால் திரும்பிக்கொள்கிறதா என்று கவனியுங்கள். ஹெல்மெட்டும் மலையேற்றத்துக்கானதாக இருக்கட்டும். கயிற்றின் கீழ்நுனியில் ஒரு முடிச்சு போட மறக்காதீர்கள். நீளம் போதாமல் நுனி கையை விட்டுப் போவதை அந்த முடிச்சு தடுக்கும்.

அப்புறம், யாரோ பயன்படுத்திய கயிற்றை மலிவு என்று வாங்காதீர்கள். இன்வெர்ட்டர் பேட்டரியை ஏற்றிய காரின் டிக்கியில் அது கிடந்திருக்கலாம். ஆசிட் பட்ட நைலான் வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே செத்திருக்கும். உங்கள் கயிற்றையும் ஒவ்வொரு முறையும் விரல்களுக்கிடையே உருவிப் பாருங்கள். மெத்தென்றோ கெட்டிப்பட்டோ ஓரிடம் தட்டினால் அதைக் கழித்துவிடுங்கள். கழித்ததைத் துண்டுதுண்டாக வெட்டிப் போடுங்கள், முழுசாக வைத்தால் நாளைக்கு யாராவது அதைக் கட்டிக் கிணற்றில் இறங்குவார்கள்.