சுகர் இருக்கறவங்க ஸ்வீட்டையும் கொழுப்பையும் எப்படி சமாளிக்கறது

சுகர்னு ரிப்போர்ட் வந்த உடனே எல்லாரும் முதல்ல பண்றது டீ காபில சர்க்கரைய நிறுத்துறது, அது நல்லது தான், ஆனா நிறைய பேர் அதோட நின்னுடறாங்க. வெண்ணெய், சீஸ், எண்ணெய்ல பொரிச்சது எல்லாம் இனிக்கவே இல்லையே அது என்ன பண்ணிடப் போகுதுன்னு நெனச்சு சாப்பிட்டுட்டே இருப்பாங்க. சுகர் இருக்கறவங்களுக்கு ஹார்ட் பிரச்சனை வர்ற ரிஸ்க் மத்தவங்கள விட சுமார் 2 மடங்குங்க, அதனால கொழுப்பையும் கூடவே கவனிச்சே ஆகணும்.

ஸ்வீட்ட பத்தி முதல்ல சொல்லிடறேன். வாழ்க்கை முழுக்க தொடவே கூடாதுன்னு இல்ல, ஆனா வயிறு நிறைய சாப்பிட்டுட்டு அதுக்கு மேல ஒரு கேக்கும் சாப்பிடறது தான் தப்பு. அந்த வேளைக்கு எவ்ளோ கார்போஹைட்ரேட்டோ (மாவுச்சத்து, சர்க்கரை ரெண்டும் சேர்ந்தது, சுருக்கமா கார்ப்) அதுக்குள்ள தான் ஸ்வீட்டும் வரணும். ஒரு ஸ்லைஸ் பிரெட்ல சுமாரா 15 கிராம் கார்ப் இருக்கு, நீங்க சாப்பிடப் போற கேக் துண்டுல 30 கிராம்னா அன்னிக்கு 2 ஸ்லைஸ் பிரெட்ட விட்டுடுங்க, அவ்ளோ தான். வெறும் வயித்துல சாப்பிடாம காய்கறி, முட்டை, மீன் மாதிரி ஏதாவது சாப்பிட்டுட்டு கடைசில ஸ்வீட் எடுத்தா சுகர் ஏறுற வேகம் குறையும், முடிச்சதும் ஒரு 10, 15 நிமிஷம் நடந்துட்டு வாங்க. தேன், பிரவுன் சுகர் எல்லாம் பரவால்லன்னு சொல்வாங்க, நம்பாதீங்க, சுகர் அதுலயும் ஏறும். ஜூஸும் அப்படி தான், பழமாவே கடிச்சு சாப்பிடுங்க.

இப்போ நான் ரொம்ப முக்கியமா நெனைக்கற விஷயம், பாக்கெட்ட திருப்பி பின்னாடி படிக்கறது. முன்னாடி பெருசா 'சுகர் ஃப்ரீ'ன்னு போட்ட ஒரு பிஸ்கட் பாக்கெட்ட எடுத்துக்கோங்க. பின்னாடி சுகர் 0ன்னு இருக்கும், அத பாத்து சந்தோஷப்படாம டோட்டல் கார்போஹைட்ரேட்ங்கற வரிய பாருங்க, மாவுல செஞ்சது தானே, அந்த மாவும் குளுக்கோஸா மாறி தான் ரத்தத்துல சேரும். அடுத்து சாச்சுரேட்டட் ஃபேட், அதாவது வெண்ணெய், சீஸ்ல எல்லாம் அதிகமா இருக்கற, ஹார்ட்டுக்கு ஆகாத கொழுப்பு. பிரிட்டன்ல பாக்கெட் மேல கலர் போட்டு காட்டுவாங்க, 100 கிராமுக்கு சர்க்கரை 22.5 கிராமுக்கு மேல போனா சிவப்பு, சாச்சுரேட்டட் ஃபேட் 5 கிராமுக்கு மேல போனாலும் சிவப்பு, எந்த நாட்டு பாக்கெட்டா இருந்தாலும் இந்த நம்பர வச்சே பாக்கலாம். அப்புறம் சர்விங் சைஸ் 2 பிஸ்கட்னு போட்டிருப்பான், நீங்க 6 சாப்பிட்டா எல்லாத்தையும் 3 ஆல பெருக்கிக்கணும். இன்கிரீடியன்ட்ஸ்ல மால்டோடெக்ஸ்ட்ரின், டெக்ஸ்ட்ரோஸ், குளுக்கோஸ் சிரப்னு இருந்தா எல்லாமே சுகர ஏத்துறது தான். பார்ஷியலி ஹைட்ரஜனேட்டட்னு எண்ணெய் பக்கத்துல எழுதி இருந்தா அதுல டிரான்ஸ் ஃபேட்னு ஹார்ட்டுக்கு ரொம்ப கெட்ட கொழுப்பு இருக்கும், அப்படியே திரும்ப வச்சுட்டு வந்துடுங்க. சர்க்கரைக்கு பதிலா மால்டிட்டால், சார்பிட்டால்னு இனிப்பு போட்ட ஸ்வீட் கொஞ்சம் ஓகே, அதிகமானா வயிறு உப்பும், பேதியும் ஆகலாம். 'லோ ஃபேட்'னு போட்டதுலயும் கவனம், கொழுப்ப எடுத்தா டேஸ்ட் போயிடும்னு சர்க்கரைய கூட்டி வச்சிருப்பாங்க.

கொழுப்பு முழுசா கெட்டதுன்னு இல்ல. நட்ஸ், ஆலிவ் மாதிரி எண்ணெய், மத்தி மாதிரி மீன் இதெல்லாம் ஹார்ட்டுக்கு நல்லது, மீன் வாரத்துக்கு 2 தடவை சாப்பிடலாம். ஆனா அளவு வேணும், எந்த கொழுப்பா இருந்தாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரி, கார்ப்புக்கும் புரோட்டீனுக்கும் 4 தான். பாட்டில சாய்ச்சு அப்படியே ஊத்தாம ஸ்பூனால அளந்து ஊத்துங்க, ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெயே 120 கலோரி வந்துடும், நட்ஸ்னா ஒரு கைப்பிடி போதும்.

இன்னொன்னு, கொழுப்பும் சர்க்கரையும் ஒண்ணா சேர்ந்த ஐஸ்கிரீம், சாக்லேட், டோநட் மாதிரி ஐட்டம் மீட்டர்ல ஏமாத்தும். கொழுப்பு இருந்தா வயித்துல இருந்து சாப்பாடு மெதுவா தான் இறங்கும், அதனால சுகரும் லேட்டா ஏறும், 2 மணி நேரத்துல செக் பண்ணா நார்மலா காட்டி அதுக்கப்புறம் ஏறிட்டு இருக்கலாம். அந்த மாதிரி சாப்பிட்ட அன்னிக்கு 3, 4 மணி நேரம் கழிச்சும் ஒரு தடவை பாருங்க, இன்சுலின் போடறவங்க அந்த ரீடிங்க எல்லாம் எழுதி வச்சு டாக்டர்கிட்ட காட்டிட்டு டோஸ் பத்தி கேளுங்க, நீங்களா மாத்தாதீங்க.

இதே காரணத்தால தான் சுகர் 70க்கு கீழ இறங்கி கை நடுங்கும்போது சாக்லேட்ட தேடக்கூடாது, அது வேலை செய்ய லேட் ஆகும். அப்போ மட்டும் 15 கிராம் சர்க்கரையோ குளுக்கோஸோ, இல்லன்னா அரை கப் ஜூஸோ உடனே எடுத்துட்டு, 15 நிமிஷம் கழிச்சு செக் பண்ணுங்க, இன்னும் 70க்கு கீழயே இருந்தா திரும்பவும் அதே அளவு எடுங்க.