குரல் நாண்ல தழும்பு விழுந்துட்டா குரலை எப்படி தேத்துறது

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், குரல் நாண்ல விழுந்த தழும்பை முழுசா அழிச்சு பழையபடி ஆக்குற சிகிச்சை இன்னும் வரல. ஆனா குரலை நிறைய தேத்த முடியும். அதுக்கு வரிசையா போகணும், எடுத்த எடுப்புல ஆபரேஷனுக்கு ஓடாதீங்க.

நாணோட மேல்தோலுக்கு அடியில ஜெல்லி மாதிரி மெத்துன்னு ஒரு அடுக்கு இருக்கு. அது மெத்துன்னு இருக்கறதாலதான் பேசும்போது செகண்டுக்கு 100, 200 தடவைன்னு நாண் அலை அலையா அதிருது. ஆபரேஷன், ரேடியேஷன், ஐசியூல போட்ட மூச்சுக்குழாய், வருஷக்கணக்கா கத்திப் பேசுறது, இதுல எதனாலயாவது அங்க புண்ணாகி ஆறினா கொலாஜன்ங்கற நார்ப் புரதம் தாறுமாறா சேர்ந்து அந்த இடம் விறைச்சுப் போயிடும், ரெண்டு நாணும் சரியா சேராம நடுவுல காத்து ஒழுகும், அதனாலதான் கரகரப்பும் கொஞ்சம் பேசினாலே வர்ற சோர்வும்.

4 வாரத்துக்கு மேல குரல் சரியாகலன்னா ஈஎன்டி டாக்டரைப் பாருங்க, ஸ்ட்ரோபோஸ்கோபி (விட்டு விட்டு மின்னுற லைட்ல நாண் அதிர்றத மெதுவா காட்டுற பரிசோதனை) வேணும்னு கேட்டு வாங்குங்க. சாதாரண ஸ்கோப்புல நாண் நல்லா இருக்கற மாதிரியே தெரியலாம், ஸ்ட்ரோப் லைட்லதான் எந்த இடம் அதிராம கெடக்குன்னு பிடிபடும்.

அப்புறம் வாய்ஸ் தெரபி, அதாவது குரலுக்கான பயிற்சி சிகிச்சை. இதை ஒப்புக்குன்னு நினைக்கிறவங்கள பாத்தா எனக்கு வருத்தமா இருக்கும், ஏன்னா குரல் வரலன்னதும் நாம தெரியாமலேயே கழுத்துத் தசைய இறுக்கிப் பேச ஆரம்பிச்சிடறோம், கஷ்டத்துல ஒரு பங்கு தழும்பால இல்ல, அந்த இறுக்கத்தாலதான். ஸ்ட்ரா பயிற்சி ரொம்ப உதவும்: ஒரு டம்ளர்ல தண்ணி எடுத்து ஸ்ட்ராவ ரெண்டு விரல்கடை ஆழத்துக்கு விட்டு, தொண்டைய இறுக்காம "ஊ"ன்னு சத்தம் கொடுத்துக்கிட்டே ஊதுங்க, குமிழி சீரா வரணும், அப்புறம் மெதுவா சுருதிய ஏத்தி இறக்குங்க. ஒரே மூச்சா அரை மணி நேரம் பண்றத விட ரெண்டு மூணு நிமிஷமா நாளுக்கு பல தடவை பண்றது நல்லது. வலிச்சா நிறுத்திட்டு தெரபிஸ்ட்கிட்ட காட்டுங்க.

கூடவே தண்ணி நல்லா குடிங்க, சிகரெட்ட விடுங்க, அசிடிட்டி இருந்தா வைத்தியம் பாருங்க. அடிக்கடி கனைக்காதீங்க. குரலுக்கு ரெஸ்ட்டுன்னு அழுத்தி கிசுகிசுன்னு பேசறதும் வேண்டாம், அதுவும் சிரமம்தான்.

இதெல்லாம் பண்ணியும் போதலன்னா அடுத்த கட்டம். நாணுக்கு நடுவுல இடைவெளி இருந்தா ஹையலூரானிக் ஆசிட்ங்கற ஜெல்லையோ, இல்லன்னா நம்ம உடம்பு கொழுப்பையே ஊசியில ஏத்தி பருமனாக்குவாங்க, ஹையலூரானிக் சில மாசத்துல கரைஞ்சிடும், அதனால ஒத்து வருதான்னு பாக்க அது வசதி. நிரந்தரமா வேணும்னா தைரோபிளாஸ்டி, கழுத்துல சின்னதா வெட்டி உள்ள ஒரு அடைப்பு வச்சு நாணை நடுவுக்குத் தள்ளுறது. விறைப்பைக் குறைக்க ஸ்டீராய்டு ஊசி, சில வகை லேசர்னு இருக்கு, பலன் ஆளுக்கு ஆள் மாறும்.

தழும்பையே தொடுற ஆபரேஷன்னா காயம் பட்டு ஆறு மாசத்துல இருந்து ஒரு வருஷம் வரைக்கும் பொறுக்கச் சொல்லுவாங்க, தழும்பு முதிர்ந்து அடங்க அவ்வளவு நாள் ஆகும், தவிர புதுசா வெட்டினா புதுசா தழும்பு விழற ஆபத்தும் இருக்கு. அதனால டாக்டர்கிட்ட நேராவே கேளுங்க: என் குரல் இப்ப இருக்கறத விட மோசமாக வாய்ப்பு எவ்வளவு, எத்தனை நாள் வாயே திறக்கக் கூடாது, அப்புறம் தெரபி எப்ப ஆரம்பிக்கணும்?