ஜெபத்துக்குப் பதில் வராத நாட்களில் நாம் செய்யும் தவறுகள்

"விசுவாசத்தோடதான் ஜெபிச்சீங்களா?"

மகனைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்துவிட்டு வெளியே உட்கார்ந்திருந்த ஒரு தாயிடம் இப்படிக் கேட்டவர் கெட்டவர் இல்லை, ஆறுதல் சொல்லத்தான் வந்திருந்தார். அந்த அம்மா பதில் பேசவில்லை. மடியில் இருந்த வேதாகமத்தை மூடிப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டார். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

பதில் வரவில்லையா, அப்படியானால் விசுவாசம் போதவில்லை என்று கணக்குப் போடுவதுதான் இதில் மிகப் பெரிய தவறு. வேதாகமத்தில் அப்போஸ்தலர் புத்தகத்தின் 12ஆம் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். ஏரோது ராஜா இயேசுவின் சீடனான யாக்கோபைப் பட்டயத்தால் கொல்லுகிறான். அடுத்து இன்னொரு சீடனான பேதுருவைப் பிடித்து, பதினாறு சேவகர் காவலில் வைக்கிறான். சபை ஊக்கமாக ஜெபிக்கிறது, தூதன் வந்து பேதுருவை வெளியே கொண்டுவருகிறான். பேதுரு நேரே வந்து கதவைத் தட்ட, ரோதை என்ற பெண் ஓடிப்போய்ச் சொல்கிறாள். உள்ளே ஜெபித்துக்கொண்டிருந்தவர்களோ, "நீ பிதற்றுகிறாய்" என்கிறார்கள்! அவர்களுடைய விசுவாசத்தின் அளவு அவ்வளவுதான். ஆனாலும் பேதுரு வாசலில் நிற்கிறார். யாக்கோபு ஏன் தப்பவில்லை என்பதற்கு அந்த அதிகாரம் ஒரு வரிகூட விளக்கம் தரவில்லை. அதை எழுதிய லூக்காவே காரணம் சொல்லாத இடத்தில் நாம் ஏன் சொல்ல வேண்டும்?

யாக்கோபு நிருபத்தின் (இது வேறொரு யாக்கோபின் கடிதம்) 'சந்தேகப்படாமல் கேட்கக்கடவன்' என்ற வசனத்தைப் பிரம்பாக எடுத்து வீசுகிறவர்கள் உண்டு. அதற்கு முந்தின வசனம் ஞானத்தைக் கேட்பதைப் பற்றியது. இரண்டு வசனம் தாண்டினால் 'இருமனமுள்ளவன்' என்று வருகிறது. கடவுளிடமும் ஒரு கால், வேறெங்கோ ஒரு கால் என்று நிற்கிறவனைத்தான் அது கண்டிக்கிறது. அழுதுகொண்டே, "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கத்திய தகப்பன் வேறு ரகம். அவனை இயேசு திட்டவில்லை, பிள்ளையைக் குணமாக்கினார்.

சந்தேகத்தை மறைத்துக்கொண்டு ஜெபிப்பது அடுத்த தவறு. உள்ளே கோபம் கொதிக்க, வாயில் மட்டும் ஸ்தோத்திரம். சங்கீதக்காரனுக்கு அந்த நாகரிகம் கிடையாது: "எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று முகத்துக்கு நேராகக் கேட்கிறான். எல்லாவற்றையும் இழந்து தவித்த யோபு பேசியது இன்னும் காரம். கடைசியில் கர்த்தர் யாரைக் கடிந்துகொண்டார்? தமக்காக வக்காலத்து வாங்கிய யோபுவின் நண்பர்களை. யோபு பேசியதே சரி என்றார்.

மனதில் எதுவும் உணரவில்லை என்றால் கடவுள் போய்விட்டார் என்று முடிவு கட்டுவதும் அவசரம்தான். 2007ஆம் ஆண்டு அன்னை தெரசாவின் கடிதங்கள் வெளியானபோது பலர் அதிர்ந்தார்கள். பல பத்தாண்டுகள் உள்ளுக்குள் இருளே இருந்ததாக எழுதியிருந்தார். அந்த இருளோடுதான் அவர் தினமும் ஜெபித்தார், வேலையும் பார்த்தார்.

மாத்திரையை நிறுத்தி விசுவாசத்தை நிரூபிக்கப் போகாதீர்கள். அப்போஸ்தலன் பவுலே தன்னோடு பயணித்த துரோப்பீமுவை மிலேத்து என்ற ஊரில் நோயாளியாக விட்டுவிட்டு வந்தவர். 'முள்' என்று அவரே சொன்ன தன் வேதனைக்காக மூன்று முறை வேண்டியும் அது நீங்கவில்லை. 'இதைச் செய்தால் அதைத் தருகிறேன்' என்று பொருத்தனையில் (நேர்ச்சையில்) பேரம் பேசுவதும் வேண்டாம்.

அடுத்தவருக்கு ஆறுதல் சொல்லப் போகிறவர்களுக்கும் ஒன்று: யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் கூடவே உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஜெபிக்க வார்த்தையே வராத இரவுகளில் 88ஆம் சங்கீதத்தை எடுத்து வாசியுங்கள். பெரும்பாலான புலம்பல் சங்கீதங்களைப்போல இது கடைசியில் துதிக்குத் திரும்பாது, இருளிலேயே முடியும். ஒட்டுப்போட நீங்கள் ஒரு நம்பிக்கை வசனம் தேட வேண்டாம். அப்படியே மூடி வைத்துவிட்டுத் தூங்குங்கள்.