பாதி பாதியாக வெட்டிப் பாருங்கள்: பெரிய மாதிரி ரயில் அமைப்பில் டிசிசி ஒயரிங் கோளாறு பிடிக்கும் முறை

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை. அமெரிக்காவில் நான் போய்வரும் கிளப்பின் பேஸ்மென்டில் பத்துப் பன்னிரண்டு பேர் கையில் த்ராட்டிலோடு (எஞ்சினை ஓட்டும் கைக்கருவி) நிற்கிறோம். ஒரு எஞ்சினும் நகரவில்லை. தண்டவாளத்துக்கு மின்சாரம் கொடுக்கும் பூஸ்டர் 'டிக்' என்று அணைகிறது, கொஞ்ச நேரத்தில் உயிர் பெறுகிறது, மறுபடி 'டிக்'. ஆளுக்கொரு எஞ்சினைத் தூக்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இரண்டு மணி நேரத்தை ஓட்டினோம். எஞ்சின்கள் எல்லாம் நன்றாகத்தான் இருந்தன.

தண்டவாளத்தின் வோல்ட்டை ஏற்றி இறக்கி எஞ்சினை ஓட்டிய அனலாக் காலத்துப் பழக்கம் அது. அப்போது ஒவ்வொரு பிளாக்குக்கும் (தண்டவாளப் பகுதிக்கும்) தனி சுவிட்ச் இருந்ததால், கோளாறு பெரும்பாலும் அந்த பிளாக்கோடு நின்றுவிடும். டிசிசியில், அதாவது டிஜிட்டல் கமாண்ட் கன்ட்ரோலில், அப்படியில்லை. ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கியதை அடிப்படையாக வைத்து அமெரிக்க மாதிரி ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ 1994இல் தரப்படுத்திய முறை இது. மின்சாரமும் கட்டளையும் அதே இரண்டு தண்டவாளங்களில்தான் போகின்றன. எச்ஓ (1:87) அளவில் சுமார் 14 வோல்ட் சதுர அலை. அரை அலை 58 மைக்ரோ செகண்டு நீடித்தால் '1', 100 மைக்ரோ செகண்டு நீடித்தால் '0'. ஆக, பூஸ்டரோடு இணைந்த தண்டவாளம் முழுக்க ஒரே சர்க்யூட். ஒரு மூலையில் ஷார்ட் ஆனால் எல்லா மூலையும் செத்துப்போகும். அதனால் கோளாற்றைத் தேடி அலையாமல், அமைப்பைப் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டே போக வேண்டும்.

கையில் என்ன வேண்டும்

பீப் ஒலி உள்ள சாதாரண மல்டிமீட்டர், ஒரு நாணயம், மாஸ்கிங் டேப், மார்க்கர், 12 வோல்ட் 21 வாட் கார் இண்டிகேட்டர் பல்பு ஒன்று, முதலை கிளிப் மாட்டிய ஒயர் இரண்டு. அப்புறம், நன்றாக ஓடும் என்று உறுதியாகத் தெரிந்த ஒரு எஞ்சின். சவுண்ட் டிகோடர் இல்லாததாக இருந்தால் நல்லது (கட்டளையைப் படிக்க எஞ்சினுக்குள் இருக்கும் சிறு சர்க்யூட்தான் டிகோடர்; ஒலியும் தருவது சவுண்ட் டிகோடர்).

படி 1: எந்த வகைக் கோளாறு?

பூஸ்டர் அணைந்து அணைந்து வருகிறதா? அது ஷார்ட்; படி 3க்குப் போங்கள். பூஸ்டர் நன்றாக இருந்து, எஞ்சின் மட்டும் சில இடங்களில் திக்குகிறதா? ஒயரிலோ இணைப்பிலோ மின்தடை, படி 5. எஞ்சின் சொன்ன பேச்சைக் கேட்காமல் தானாக ஓடுகிறதா? படி 6.

படி 2: நாணயச் சோதனை

எந்தக் கோளாறாக இருந்தாலும், பூஸ்டர் நிலையாக ஓடத் தொடங்கியதும் இதைச் செய்துவிடுங்கள். எஞ்சின்களை எல்லாம் எடுத்துவிட்டு, மின்சாரம் இருக்கும்போது இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே நாணயத்தை வையுங்கள். பூஸ்டர் உடனே அணைய வேண்டும். நாலைந்து அடிக்கு ஒருமுறை, அமைப்பு முழுவதும் இப்படிச் சோதியுங்கள்.

ஓரிடத்தில் அணையவில்லை என்றால் அந்தப் பகுதியில் வண்டி ஓட்டாதீர்கள். வழியில் மின்தடை கூடிப்போய், நடந்தது ஷார்ட் என்றே பூஸ்டருக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். 5 ஆம்பியர், 14 வோல்ட் என்றால் 70 வாட். தடம் புரண்ட பெட்டியின் பிளாஸ்டிக் சக்கரக்கூட்டை உருக்க அது தாராளமாகப் போதும்.

படி 3: பாதியாக வெட்டுங்கள்

மின்சாரத்தை அணைத்து, பஸ் ஒயரை (பூஸ்டரிலிருந்து அமைப்பு நெடுக ஓடும் முதன்மை ஒயர்) நடுவில் உள்ள டெர்மினல் ஸ்ட்ரிப்பில் கழற்றுங்கள். ஒரு பாதிக்கு மட்டும் மின்சாரம் கொடுங்கள். பூஸ்டர் நின்றால் கோளாறு அந்தப் பாதியில்; நிற்காவிட்டால் மற்றதில். கெட்ட பாதியை மறுபடி இரண்டாக்குங்கள். 60 ஃபீடர் (பஸ் ஒயரிலிருந்து தண்டவாளத்துக்குப் போகும் சிறு ஒயர்) இருந்தாலும் ஆறாவது வெட்டில் ஒன்றுக்கு வந்துவிடலாம்.

புதியவர்கள் சறுக்கும் இடம் ஒன்று இங்கே உண்டு. பஸ் ஒயரைப் பிரித்தாலும், மேலே தண்டவாளம், துண்டுகளைச் சேர்க்கும் ஜாயினர் வழியாகத் தொடர்ந்து கிடந்தால் எதுவும் பிரியவில்லை. மின்சாரம் மேல்வழியாகச் சுற்றிக்கொண்டு போய்விடும். வெட்டுகிற இடத்தில் இரண்டு தண்டவாளத்திலும் இடைவெளி இருக்க வேண்டும். இல்லையென்றால் உலோக ஜாயினரைக் கழற்றிப் பிளாஸ்டிக் ஜாயினர் போடுங்கள், அல்லது சிறிய கட்டிங் டிஸ்க்கால் அறுத்துவிடுங்கள். அமைப்பைக் கட்டும்போதே நாலைந்து மாவட்டங்களாக (தனித்தனி மின்பகுதிகளாக) பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி சர்க்யூட் பிரேக்கர் போட்டவர்களுக்கு இந்த வேலை பாதிதான். போடாதவர்கள் இப்போதாவது போடலாம்.

எங்கள் டிசம்பர் ஷார்ட் மூன்றாவது வெட்டில் யார்டுக்குள் அகப்பட்டது. அங்கே ஒன்பது பாயின்ட்ஸ் (வண்டியைத் தடம் மாற்றும் இடங்கள்). ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டுப் பார்த்தோம். ஆறாவதை மாற்றியதும் ஷார்ட் காணாமல் போனது. மாற்றினால் மறைகிற ஷார்ட் என்றால் முதல் சந்தேகம் ஃப்ராக் மேல்தான் (பாயின்ட்ஸில் இரண்டு தடங்களின் தண்டவாளங்கள் குறுக்கிடும் V வடிவத் துண்டு). மின்சாரம் பாயும் ஃப்ராக்குக்கு அப்பால் உள்ள இரண்டு உள் தண்டவாளங்களிலும் இடைவெளி இருக்க வேண்டும். எப்போது பார்த்தாலும் அவற்றில் ஒன்று ஃப்ராக்குக்கு எதிர்த் துருவத்தில் இருக்கும். எங்களுடையதில் அந்த ஒன்றின் இடைவெளி மூடிக்கொண்டிருந்தது. ஒரு தாளைக்கூட நுழைக்க முடியவில்லை.

தானாக எப்படி மூடும்? குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடி ஓடிக் காற்று வறண்டு, மேசையின் மரம் சுருங்கியிருக்கிறது. தண்டவாளம் சுருங்கவில்லை. அவ்வளவுதான். இடைவெளியை மறுபடி அறுத்து, மெல்லிய பிளாஸ்டிக் துண்டு ஒன்றைச் செருகி ஒட்டி, தண்டவாள வடிவத்துக்கு அரத்தால் ராவினோம். முதலில் அறுத்த அன்றே செய்திருக்க வேண்டிய வேலை.

படி 4: இடைவெளி தாண்டும்போது மட்டும் ஷார்ட்

மீட்டரை ஏசி வோல்ட்டில் வையுங்கள். மின்சாரம் இருக்கும்போது, இடைவெளிக்கு இரு பக்கமும் ஒரே தண்டவாளத்தைத் தொடுங்கள். ஏறக்குறைய பூஜ்யம் வர வேண்டும். முழு 14 வோல்ட் காட்டினால் அந்த மாவட்டத்தின் இரண்டு ஒயரும் இடம் மாறியிருக்கின்றன, மாற்றி மாட்டுங்கள்.

திரும்பும் வளையமாக (ரயில் சுற்றி, வந்த வழியிலேயே திரும்பும் தடம்) இருந்தால் கதை வேறு. அங்கே இடது தண்டவாளம் சுற்றி வந்து வலதைத் தொடும். துருவத்தைத் தானாக மாற்றும் ஆட்டோ ரிவர்சர் போட்டே ஆக வேண்டும். அந்தப் பகுதியின் இரு முனையிலும், இரண்டு தண்டவாளத்திலும் இடைவெளி வேண்டும். உங்கள் மிக நீளமான ரயில் முழுதாக அதற்குள் அடங்க வேண்டும். ரிவர்சர் பூஸ்டருக்கு முந்திக்கொண்டு செயல்படும்படி அதன் ஆம்பியர் அளவைக் குறைத்து வையுங்கள்.

படி 5: திக்கும் எஞ்சின்

சக்கரத்தையும் தண்டவாளத்தையும் துடைத்தும் அதே இடத்தில் திக்கினால், அங்கே கார் பல்பை இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே மாட்டுங்கள். பல்பு கொதிக்கும், பிளாஸ்டிக்கிலும் காட்சியமைப்பிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பல்பு எரியும்போது பூஸ்டர் முனையிலும் இங்கேயும் வோல்ட் அளந்து கழியுங்கள். மலிவான மீட்டர் 50, 60 ஹெர்ட்ஸுக்குச் செய்யப்பட்டது. டிசிசியில் அது காட்டும் எண் சரியாக இல்லாமல் போகலாம். நமக்கு வித்தியாசம்தான் முக்கியம். ஒரு வோல்ட்டுக்கு மேல் போனால் விடாதீர்கள்.

ஒயர் மெலிந்ததா என்று கணக்கும் போடலாம். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் 10 மீட்டர் போய்த் திரும்பினால் மின்தடை சுமார் 0.14 ஓம், 5 ஆம்பியரில் 0.7 வோல்ட் இழப்பு. அதே தூரத்துக்கு 0.75 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 2.3 வோல்ட். ஒயர் சரியாக இருந்தால் குற்றவாளி பெரும்பாலும் ஜாயினர். துரு, பெயின்ட், ஜல்லி ஒட்டிய பசை எல்லாம் உள்ளே போயிருக்கும். என்னைக் கேட்டால், ஜாயினரை மின்இணைப்பாகவே எண்ணக் கூடாது. ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் சொந்த ஃபீடர், சால்டர் செய்து.

படி 6: தானாக ஓடும் எஞ்சின்

நீளமான பஸ் ஒயரில் ஷார்ட் ஏற்பட்டு விலகும்போது வோல்ட் துள்ளும். அதை அனலாக் மின்சாரம் என்று நினைத்து டிகோடர் ஓடத் தொடங்கலாம். டிகோடரின் அமைப்பு எண்களில் ஒன்றான சிவி 29இல் அனலாக் முறையை அணையுங்கள். அதன் மதிப்பு 6 என்றால் 2, 38 என்றால் 34. அதாவது 4 குறைய வேண்டும். பஸ் ஒயர்கள் இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கிவிடுங்கள். கடைசி முனையில் 100 ஓம், 2 வாட் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் தொடராக இணைத்து இரண்டு ஒயருக்கும் குறுக்கே போடுங்கள். கால் வாட் ரெசிஸ்டர் போட்டால் கருகிவிடும். பழைய அனலாக் செட்டில் வந்த பவர் கிளிப் எங்காவது மாட்டிக் கிடந்தால் கழற்றி எறியுங்கள். சிலவற்றின் உள்ளே இருக்கும் கெபாசிட்டர் டிசிசி அலையைச் சிதைக்கும்.

த்ராட்டில் ஒரு சாக்கெட்டில் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் மேசைக்கு அடியில் படுப்பதற்கு முன் கேபிளை மாற்றிப் பாருங்கள். நான் ஒருமுறை அரை மணி நேரம் படுத்துவிட்டுத்தான் மாற்றினேன்.