கழுத்து அறுவைக்குப் பின் களம் திரும்புதல்: முன்னணி வீரர்களுக்கான வழிமுறை

கழுத்து முதுகெலும்பில் அறுவை செய்துகொண்ட வீரர் முதலில் கேட்பது, எத்தனை மாதத்தில் விளையாடலாம் என்பதைத்தான். மாதக் கணக்கு ஒரு மதிப்பீடு மட்டுமே. எலும்பும் நரம்பும் தசையும் தேறியிருக்கின்றனவா என்று தனித்தனியே சோதித்த பிறகே அனுமதி கிடைக்க வேண்டும்.

ஆகவே, என்ன அறுவை, எத்தனை அடுக்குகளில் (அடுத்தடுத்த இரு எலும்புகளும் இடையிலுள்ள டிஸ்க்கும் சேர்ந்தது ஓர் அடுக்கு) நடந்தது என்பதை உங்கள் மருத்துவரிடம் முதலில் தெளிவாகக் கேட்டறியுங்கள். டிஸ்க்கை அகற்றிவிட்டு இரு எலும்புகளை ஒன்றாக இணைக்கும் அறுவையில், அவை கெட்டியாகச் சேரப் பல மாதங்கள் பிடிக்கும். புகைபிடித்தல் அதை மேலும் தாமதப்படுத்தும். ஓர் அடுக்கு மட்டும் இணைக்கப்பட்டு நன்கு கூடிவிட்டால், உடலோடு உடல் மோதும் மோதல் விளையாட்டுக்கும் பல மருத்துவர்கள் சம்மதிக்கிறார்கள். இரண்டு அடுக்கு என்றால் தயங்குவார்கள். மூன்றோ அதற்கு மேலோ என்றால் பொதுவாக மறுத்துவிடுவார்கள். இணைந்த பகுதி அசையாததால் அதன் சுமை மேலும் கீழும் உள்ள டிஸ்க்குகளில் இறங்குவதே இதற்குக் காரணம். மண்டையோட்டுக்குக் கீழுள்ள முதல் இரண்டு எலும்புகள் இணைக்கப்பட்டிருந்தால் மோதல் விளையாட்டை விட்டுவிடுவதே சரி. இதைக் கேட்பது வேதனைதான், ஆனாலும் இதில் பேரம் பேசாதீர்கள்.

மருத்துவர் அனுமதித்தபின் கழுத்தின் ஆழ்தசைகளிலிருந்து பயிற்சியைத் தொடங்குங்கள். மல்லாந்து படுத்து, தலையைத் தூக்காமல், ‘ஆம்’ என்று சொல்வதுபோல் மோவாயை மெல்ல உள்வாங்கிச் சில விநாடிகள் நிறுத்துங்கள். கழுத்தின் முன்புறம் கயிறுபோல் தசை புடைத்தால் அளவுக்கு மீறி அழுத்துகிறீர்கள் என்று பொருள். பிறகு தோள்பட்டைப் பயிற்சி, ஓட்டம், மோதலில்லாத விளையாட்டுப் பயிற்சி, கட்டுப்படுத்திய மோதல், முழுப் பயிற்சி, போட்டி என்று படிப்படியாக ஏறுங்கள். வலியோ மரத்துப்போதலோ தலைகாட்டினால் ஒரு படி இறங்கி, மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

களம் இறங்கும் முன், வலியின்றிக் கழுத்து எல்லாப் பக்கமும் திரும்ப வேண்டும், இரு கைகளின் வலிமையும் பழைய நிலைக்கு வந்திருக்க வேண்டும், சி.டி. ஸ்கேனில் எலும்பு கூடியிருப்பதும், எம்ஆர்ஐயில் தண்டுவடம் நசுங்காமல் இருப்பதும் தெரிய வேண்டும். இவற்றில் பலரும் மேலோட்டமாகக் கடந்துபோவது கைவலிமையைத்தான். கழுத்து நரம்புப் பாதிப்பால் கை வலுவிழந்திருந்த அமெரிக்கக் கால்பந்து வீரர் பெய்டன் மேனிங் 2011-இல் நண்பர் டாட் ஹெல்டனை நோக்கி எறிந்த பந்து சிறிது தூரத்திலேயே விழுந்துவிட, அவர் வேடிக்கை செய்கிறார் என்றே நண்பர் நினைத்தாராம். அவ்வாண்டு செப்டம்பரில் எலும்பு இணைப்பு அறுவை செய்துகொண்ட மேனிங், அந்தப் பருவம் முழுவதும் ஒதுங்கியிருந்து 2012-இல் திரும்பினார். 2013 பருவத்தில் டச்டவுன் எனும் புள்ளியைப் பெற்றுத் தரும் 55 பாஸ்கள் எறிந்து சாதனை படைத்தார். ஐஸ் ஹாக்கி வீரர் ஜாக் ஐக்கல், 2021 நவம்பரில் செயற்கை டிஸ்க் பொருத்திக்கொண்டு மூன்றே மாதங்களில் களம் கண்டார். இருவருக்கும் நடந்த அறுவையே வேறு என்பதால், ஒருவரின் கால அளவை இன்னொருவர் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

மோதலுக்குத் திரும்புகிறவர் தலையைக் குனிந்து உச்சந்தலையால் முட்டும் பழக்கத்தை அடியோடு விட வேண்டும். கழுத்து நேராகி வளைவை இழந்த நிலையில், தாக்குதலின் விசை முழுவதும் எலும்புகளில் இறங்குகிறது; பள்ளி, கல்லூரி அளவிலான அமெரிக்கக் கால்பந்தில் 1976-இலேயே இப்படி முட்டுவதற்குத் தடை வந்தது. திரும்பிய பிறகு இரு கைகளிலோ கால்களிலோ சேர்ந்தாற்போல் மரத்துப்போதல், நடையில் தடுமாற்றம், பிடி தளர்தல் ஆகியவற்றில் எது தோன்றினாலும், ஆட்டத்தின் நடுவே என்றாலும் உடனே நிறுத்தி, அசையாமல் இருந்து, மருத்துவக் குழுவை அழையுங்கள்.