கறுப்புப் பொட்டைத் தவற விடாதீங்க: மாகுலா படம் எடுக்கிற தம்பி தங்கைகளுக்கு

அம்பை, சங்கரன்கோவில், களக்காடு பக்கம் விஷன் சென்டரில் புதிதாகக் கேமரா முன்னால் உட்கார்ந்திருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மாகுலா என்பது விழித்திரையின் நடுப்பகுதி. வயதானவர்களுக்கு வரும் மாகுலா சிதைவில், அதாவது ஏ.எம்.டி.யில், ட்ரூசனை, அதாவது விழித்திரைக்கு அடியில் சேரும் படிவுகளை, யாரும் பெரும்பாலும் விடுவதில்லை, மஞ்சளாகக் கண்ணில் பட்டுவிடும். கோட்டை விடுவது நிறமி மாற்றத்தைத்தான்.

விழித்திரைக்கு அடியில் இருக்கும் ஆர்.பி.இ. அடுக்கின் செல்கள் நலிந்து, நிறமியோடு இடம் மாறிக் குவிந்தால் கறுப்புத் திட்டு. செல்கள் மெலிந்து போன இடத்தில் வெளிறல். இதற்கு ஏன் இவ்வளவு அலட்டல் என்றால், 2005-ல் அமெரிக்காவின் அரெட்ஸ் ஆய்வுக் குழு ஒரு எளிய மதிப்பெண் முறை கொடுத்தது: ஒவ்வொரு கண்ணிலும் பெரிய ட்ரூசன் இருந்தால் 1, நிறமி மாற்றம் இருந்தால் 1, இரண்டு கண்ணையும் கூட்டினால் 0-விலிருந்து 4 வரை. மொத்தம் 2 என்றால் ஐந்து வருடத்துக்குள் நோய் முற்ற வாய்ப்பு ஏறக்குறைய 12 சதவீதம், 3 என்றால் 25, 4 என்றால் 50. ஆக, ஒரே ஒரு பொட்டு படத்தில் விழாமல் போனால் 25-ஐ 12 என்று எழுதி அனுப்பிவிடுகிறோம். (பெரிய ட்ரூசன் என்றால் 125 மைக்ரான், ஆப்டிக் டிஸ்க் (பார்வை நரம்பு புறப்படும் வட்டம்) விளிம்பைக் கடக்கும் சிரையின் அகலம் என்று மனசில் வைத்துக்கொண்டால் போதும்.)

சரி, வேலைக்கு வருவோம். கண் பாவையை விரிக்காமல் எடுக்கலாம் என்று கேமரா விற்கிறவர் சொல்வார், எழுபது வயது ஆச்சிக்கு அது பல நேரம் நடக்காது, அதுவும் சர்க்கரை இருந்தால் பாவை சுருங்கியே கிடக்கும், படத்தின் ஓரமெல்லாம் இருட்டிவிடும். சொட்டு மருந்து போடுவதற்கு முன் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து கண்ணின் முன்னறை ஆழம் பாருங்கள், கண் பிரஷர் எவ்வளவு என்று கேளுங்கள், சந்தேகம் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள். போட்டபின் இருபது முப்பது நிமிஷம் பொறுமையாக இருங்கள், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கூட வந்த பேரன் அவசரப்படுத்துவான், விட்டுக்கொடுக்க வேண்டாம்.

உட்கார வைப்பதில்தான் பாதி வேலை. காலமெல்லாம் முறத்தை மடியில் வைத்துக் குனிந்து பீடி சுற்றியவர்களுக்கு முதுகு வளைந்திருக்கும், கழுத்து எட்டாது, தாடையை வைக்கச் சொன்னால் நெற்றி பின்னால் போகும். மேஜையைத்தான் இறக்க வேண்டும், ஆளை இழுக்கக் கூடாது. "ஆச்சி, நாலு தடவை கண்ணைக் கொட்டிக்கிடுங்க, இப்ப அந்தப் பச்சை வெளிச்சத்தையே பாருங்க" என்று சொல்லிவிட்டு உடனே அமுக்குங்கள். கண்ணீர்ப் படலம் காய்ந்தால் படம் மங்கும். இமை தொங்கினால் பஞ்சை வைத்து மெதுவாகத் தூக்கிப் பிடியுங்கள்.

மாகுலா நடுவில் வரும்படி ஒன்று, மாகுலாவும் டிஸ்கும் சேர்ந்து ஒன்று. பிளாஷைக் கூட்டாதீர்கள், பளிச்சென்று இருக்கும் படத்தில்தான் வெளிறல் காணாமல் போகும். நம் ஊர்க் கண்ணில் கோராய்டு (விழித்திரைக்குப் பின்னால் இருக்கும் ரத்தநாள அடுக்கு) நல்ல கறுப்பு என்பதால் பின்னணியே இருட்டாக விழும், அதைச் சரிக்கட்ட வெளிச்சத்தை ஏற்றுகிற பழக்கம் எல்லோருக்கும் வந்துவிடுகிறது. சிவப்பை வடிகட்டிப் பச்சை வெளிச்சத்தில் எடுக்கும் ரெட்-ஃப்ரீ படம் ஒன்றும் எடுங்கள், எள்ளைச் சிதறினது போலக் கிடக்கும் சின்னத் திட்டுகள் அதில் கொஞ்சம் தெளியும்.

கறுப்பாகத் தெரிவதெல்லாம் நிறமி அல்ல. அடுத்த ஆளின் படத்திலும் அதே இடத்தில் பொட்டு இருந்தால் லென்ஸில் தூசி. இரண்டு படத்துக்கு இடையில் இடம் மாறினால் கண்ணுக்குள் மிதக்கிற ஏதோ ஒன்று. கீழோரத்தில் மங்கலாக நிழல் விழுந்தால் இமை முடி. இன்னொன்று, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது: கண்புரை இருக்கும்போது எடுத்த பழைய படத்தையும் ஆபரேஷனுக்குப் பிறகு எடுத்த புதுப் படத்தையும் பக்கத்தில் வைத்தால் நோய் திடீரென்று கூடினது போலத் தெரியும். திரை விலகியதால் தெரிகிறது, அவ்வளவுதான். படத்தோடு 'புரை ஆபரேஷன் ஆயிற்று' என்று ஒரு வரி எழுதினால் டாக்டருக்குப் பாதிக் குழப்பம் தீரும்.

ஆட்டோஃபுளோரசன்ஸ், அதாவது சாயம் இல்லாமல் செல்கள் தாமாக ஒளிர்வதைப் படம் பிடிக்கும் வசதி, இருந்தால் அதைக் கண் ஆஞ்சியோவுக்கு (ஃபுளோரசின் சாயம் ஏற்றி எடுக்கும் படத்துக்கு) முன்னாலேயே எடுத்துவிடுங்கள், ஃபுளோரசின் ஏறியபின் எடுத்தால் பிரயோஜனம் இல்லை. செல் செத்த இடம் அதில் கறுத்துத் தெரியும். ஆனால் நீல ஒளியில் மாகுலாவின் நட்டநடு எல்லோருக்கும் கறுப்புத்தான், அங்கே இருக்கும் மஞ்சள் நிறமி ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது, அதை அழிவு என்று குறித்துவிடாதீர்கள்.

ஓசிடியில், அதாவது விழித்திரையை அடுக்கடுக்காகக் குறுக்குவெட்டாகக் காட்டும் ஸ்கேனில், ஒரு கோடு மட்டும் ஓட்டி முடிக்காமல் மாகுலா முழுக்க நெருக்கமாக ஓட்டுங்கள். ட்ரூசனுக்கு மேலே விழித்திரைக்குள் பளீரென்ற புள்ளிகள், சில நேரம் கீழே நிழலோடு, தெரிந்தால் அது இடம்பெயர்ந்த நிறமியாக இருக்கலாம். ஆர்.பி.இ. அழிந்த இடத்தில் ஒளி தடையில்லாமல் இறங்கி கோராய்டு கோடு கோடாக வெளுத்துத் தெரியும். அடுத்த முறை ஃபாலோ-அப் முறையில் அதே இடத்தையே ஓட்டுங்கள்.

படத்தோடு இதையும் கேட்டு எழுதுங்கள்: மூட்டுவாதத்துக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் சாப்பிடுகிறாரா, லேசர் வைத்தாரா, முன்பு விழித்திரைக்கு அடியில் நீர் கோத்ததா. இவையும் நிறமியைக் கலைக்கும், அதை ஏ.எம்.டி. கணக்கில் சேர்க்கக் கூடாது. பீடி, சிகரெட் குடிப்பாரா என்றும் கேளுங்கள், இந்த நோயில் நம்மால் மாற்ற முடிகிற பெரிய காரணம் அதுதான். கேட்டால் தாத்தா இல்லை என்பார், ஆச்சி பின்னால் நின்று தலையாட்டுவார்.

சாம்பல் பச்சையாகத் திட்டு, ரத்தக் கசிவு, ஓசிடியில் நீர், நேர்கோடு வளைந்து தெரிகிறது என்ற புகார், இதில் எது இருந்தாலும் அடுத்த வாரம் என்று தள்ளாமல் உடனே ரெட்டினா டாக்டரிடம் பேசித் திருநெல்வேலிக்கு அனுப்புங்கள். கசிவு வரும் ஈர வகை ஏ.எம்.டி.க்கு ஊசி இருக்கிறது, தாமதித்தால் போன பார்வை திரும்புவது கஷ்டம்.

கடைசியாக, படத்தைப் பெயர் போட்டுச் சேமிக்காதீர்கள். இசக்கியம்மாள் என்று தேடினால் ஒரு ஊரே வந்து நிற்கும். நோயாளி எண், தேதி, வலது இடது, எந்தக் கேமரா, படத்தின் கோணம் எத்தனை டிகிரி, இவ்வளவும் இருந்தால்தான் ஒரு வருடம் கழித்து வேறொருவர் அதே அளவில் எடுத்து ஒப்பிட முடியும். வீட்டுக்கு அனுப்பும்போது பார்வை சில மணி நேரம் மங்கலாகத்தான் இருக்கும், பைக்கைப் பேரன் ஓட்டட்டும் என்று சொல்லிவிடுங்கள்.